காலிக் கோட்டையில் ஓர் இரவு



தனியாகப் பிரயாணம் செய்வதை, அதிலும் இரவில் செய்வதை, நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வருடா வருடம் மாணவர்களுக்கு அந்த ஹதீஸைப் பாடம் நடத்துகிற நானே சென்ற மாதம் தனியாகக் காலிக்குப் புறப்பட்டேன். "அந்த ஹதீஸ் எங்களுக்கு மட்டுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். கூட வரவிருந்த மௌலவிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் ஹிப்ழு பரீட்சை, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், தட்ட முடியாது. இதையெல்லாம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. பரீட்சை நடக்கும் மத்ரஸாவிலேயே எனக்கு அறை ஒதுக்கியிருந்தார்கள். அதை வேண்டாமென்று விட்டு, கோட்டைக்குள்ளே காசு கொடுத்து ஓர் இரவு தங்குவதென்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு காரணம் இருந்தது. சிறுவயதில் நான் ஓதியது அந்தக் கோட்டைக்குள்தான்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலிக் கோட்டை இடிந்து கிடக்கும் கல் மதில் அல்ல. ஆட்கள் குடியிருக்கும் ஊர். 1588இல் போர்த்துக்கீசர் தொடங்கினார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே பள்ளிவாசலும் தேவாலயமும் விஹாரையும் உண்டு. தென்முனையில் வெளிச்ச வீடு, அதற்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளி. 1904இல் கட்டிய அந்த வெள்ளைப் பள்ளியைத் தூரத்திலிருந்து பார்க்கிற வெளிநாட்டவர் பலர் சேர்ச் என்றே நினைத்துக்கொள்வார்கள். கிட்டப் போய் அரபு எழுத்தைக் கண்ட பிறகுதான் பாதணியைக் கழற்றுவார்கள். 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் கோட்டைக்குள்தான். 2004 சுனாமி மதிலுக்கு வெளியே பஸ் நிலையத்தையும் கடைவீதியையும் அள்ளிப்போன அன்று, இந்தப் பழைய மதில்கள்தான் உள்ளேயிருந்த வீடுகளைக் காத்தன.

பிரயாணிகளைத் தங்கவைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தெவுந்தரையிலிருந்து காலிக்கு வந்ததையும் நாகுதா இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தம் வீட்டில் விருந்தளித்ததையும் எழுதிவைத்திருக்கிறார். நீராவிக் கப்பல் காலத்தில் காலிதான் பெரிய துறைமுகம். ஒல்லாந்தர் 1684இல் கட்டிய ஒரு மாளிகை 1865இல் கப்பல் பிரயாணிகளுக்கான ஹோட்டலாயிற்று. பிற்காலத்தில் நியூ ஓரியண்டல் என்று பெயர்பெற்றது அதுதான். இப்போது வேறு பெயர். கப்பலை விட்டு இறங்கும் துரைமாருக்கு மாணிக்கக் கல் விற்றவர்கள் நம்மவர்கள். கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன, காலி தூங்கிப்போனது. நான் ஓதிய 90களில் மதில்மேல் மாலையில் ஆடு மேய்ந்தது.

நான் தங்கியது அந்தப் பெரிய ஹோட்டலில் அல்ல. அதற்கெல்லாம் மௌலவி சம்பளம் காணாது. குறுக்குத் தெருவொன்றில், முருகைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய, ஒல்லாந்தர் காலத்துச் சுவர் கொண்ட ஒரு வீடு. இப்போது ஐந்து அறையுள்ள தங்குமிடம். இதற்கே என் மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒன்று போயிற்று.

எங்கள் காலத்தில் அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. வெள்ளி இரவுகளில் மாணவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் வீடுகளில் ஒன்று. எனக்கும் இன்னொரு பையனுக்கும் அந்த வீட்டு முறை. மஃரிபுக்குப் பிறகு போய் ஸலாம் சொல்லி நிற்போம். உள்ளே நடையில் ஓர் அரைக்கதவு. அதற்கு மேலாக ஒரு கை கெரியரை நீட்டும். பார்வையைத் தாழ்த்துங்கள் என்று உஸ்தாத் சொல்லி அனுப்பியிருந்தார். தாழ்த்திய பார்வைக்கு அந்தக் கை மட்டும் தெரியும். முதல் வருடம் அதில் இரண்டு தங்கக் காப்பு இருந்தது. அடுத்த வருடம் ஒன்று. மூன்றாம் வருடம் வெறுங்கை. கெரியரில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், சில வாரம் வட்டிலப்பமும். பதினான்கு வயதுப் பையனுக்குக் காப்பைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது? வட்டிலப்பத்தைப் பற்றித்தான் யோசித்தேன்.

முகாமையாளர் ஹிக்கடுவைப் பக்கத்துச் சிங்களத் தம்பி. மரியாதையான பிள்ளை. திறப்பைத் தந்து, நடுமுற்றத்தைக் கடந்து பின்னுக்குக் கூட்டிப் போனார். அந்த அரைக்கதவைக் காணவில்லை. கீல் இருந்த இடத்தில் சுவரில் இரண்டு தழும்பு மட்டும். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, அந்த இடத்தைத் தாண்டக் கால் தயங்கியது. மூன்று வருடம் நான் தாண்டாத எல்லை அது.

என் அறை பழைய குசினி. உத்தரத்தில் புகைக் கறையை வேண்டுமென்றே கழுவாமல் விட்டிருக்கிறார்களாம். வெள்ளைக்காரருக்கு அது பிடிக்குமாம். அடுப்பு மேடையில் துவாயும் மேசை விளக்கும் வைத்திருந்தார்கள். அதன் கீழே சின்னக் குளிர்சாதனப் பெட்டி. திறந்தால் பியர் போத்தல்கள்! தம்பியைக் கூப்பிட்டேன். "மன்னிக்கணும் ஹஸ்ரத், முஸ்லிம் ஆட்கள் வந்தால் எடுத்துவிடுவோம், இன்றைக்கு மறந்துவிட்டோம்" என்று தூக்கிக்கொண்டு ஓடினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் அவை இருந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மீரான் பள்ளிக்குப் போய் மஃரிபும் இஷாவும் தொழுதேன். (பிரயாணியாக இருந்தாலும் ஊர் இமாமைப் பின்பற்றினால் இஷாவை நான்காகவே தொழ வேண்டும். தென்பகுதி உறவினர் வீட்டுக்குப் போகும்போது பலர் இதைக் கேட்கிறார்கள்; நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஜமாஅத்தில் ஆட்கள் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பாதிப் பேர் இப்போது மதிலுக்கு வெளியே குடியிருந்து, தொழுகைக்கு மட்டும் உள்ளே வருகிறவர்கள். வீடுகளுக்கு வெளிநாட்டவர் கொடுத்த விலை அப்படி. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குமர்ப்பிள்ளைகள் மூன்று உள்ள வாப்பாவுக்குப் பழைய சுவரும் ஓடும் எதற்கு?

இரவு தூக்கம் வரவில்லை. மதிலில் அலை மோதுவது படுக்கையிலேயே கேட்கிறது. எழுந்து யன்னலைத் திறந்தேன். குசினிக்கு ஒரே யன்னல், ஒரு கெரியர் அகலம். அதில் முகத்தை வைத்தால், முற்றத்துக்கு அப்பால் தெருவாசல் நேரே தெரிகிறது.

அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. ஒருமுறை எனக்குக் கடும் இருமல். போய் நின்று ஸலாம்கூடச் சொல்லவில்லை. கெரியரோடு ஒரு போத்தலும் வந்தது. "சின்ன மௌலவிக்குக் கொத்தமல்லி அவிச்சது. சூடாகக் குடிக்கச் சொல்லுங்க" என்று உள்ளிருந்து குரல். இருமல் எப்படித் தெரிந்தது என்று அந்தப் பையன் ஆச்சரியப்பட்டான். அவர் ஒவ்வொரு வாரமும் இந்த யன்னலில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். நாங்கள் அவர் கையைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அறை வாடகையையும் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு காப்பின் கதையை, யன்னலின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மனைவி கேட்டது ஒன்றே: "அந்த உம்மாவின் பெயர் என்ன?"

எனக்குத் தெரியாது. மூன்று வருடம் தின்ற சோற்றுக்கு, பெயர் சொல்லி ஒரு துஆக் கேட்டதில்லை. இப்னு பதூதாவாவது நாகுதா இப்றாஹீமின் பெயரை எழுதினார்; அந்த வீட்டில் சமைத்தவர் யாரென்று அவரும் எழுதவில்லை.

ஸுப்ஹுக்குப் பிறகு பள்ளியில் ஒரு முதிய ஹாஜியாரிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் குடும்பம் நன்றாகத் தெரியும். மாணிக்கக் கல் வியாபாரத்தில் வீட்டுக்காரர் நொடித்தது, கடன் ஏறியது, கடைசியில் வீட்டை விற்றது, இரண்டு பேரும் மவுத்தானது என்று எல்லாம் சொன்னார். "பெயர்...?" என்றேன். தாடியைத் தடவினார். இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. "வாங்க" என்று தம் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கோட்டைக்குள் இன்னும் விற்காத வீடுகளில் ஒன்று. திரைக்கு இப்பால் நின்று உள்ளே குரல் கொடுத்தார். தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம் நின்றது. வயதான ஒரு பெண் குரல் அந்தப் பெயரைச் சொன்னது. பிறகு, "எந்தப் பிள்ளை கேட்கிறது?" என்றது. சொன்னேன். "இருமல்காரப் பிள்ளையா?" என்று குரல் சிரித்தது.

பெயரை இங்கே எழுதவில்லை. அரைக்கதவுக்குப் பின்னால் நின்று கொடுத்தவரை அச்சில் இழுத்துவர எனக்கு மனம் இடம் தரவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். அந்த வாரம் வெள்ளி இரவு யாசீன் ஓதி முடித்து, தன் உம்மும்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் சேர்த்து என் மனைவி துஆக் கேட்டது உள்ளறையிலிருந்து எனக்குக் கேட்டது.