டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த படம்

சத்தம் வரும், படம் வராது. இதுதான் அந்த டிவியில் வந்த கோளாறு. வாரண்டி முடிய இன்னும் நாலு மாதம் இருந்ததால் கம்பெனிக்குப் போன் செய்தார் என் கட்சிக்காரர். திருநெல்வேலியில் மின்வாரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக், பேக்லைட் போய்விட்டது, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஜாப் ஷீட் எழுதிக் கொடுத்துவிட்டு டிவியை எடுத்துப் போனார். பத்து நாள் கழித்து வேனில் வந்த பையன் பெட்டியை இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினான். சுவரில் மாட்டிப் போட்டால் படம் பளிச்சென்று வந்தது. வலது மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசலும் தெரிந்தது.

பேனல் உடைசல் வாரண்டியில் சேராது, மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்றது கம்பெனி. டிவி வாங்கியதே 41,000 ரூபாய்க்கு.

“லைட் எரியலன்னு கொண்டு போனவன் கண்ணாடிய உடைச்சுக் கொண்டாந்துட்டு, வாரண்டி கிடையாதுங்கான் சார்” என்றார்.

என்னிடம் வருவதற்கு முன் பக்கம் பக்கமாக மெயில் அனுப்பியிருந்தார். எல்லாமே வாரண்டி அட்டையின் நிபந்தனைகளைப் பற்றிய சண்டை. அந்த அட்டையை எழுதியவர்களோடு அதற்குள்ளேயே நின்று மோதினால் தோற்கத்தான் வேண்டும். உடைசலுக்கு வாரண்டி இல்லை என்று அதில் இருக்கிறது, உண்மைதான். “அண்ணாச்சி, நாம வாரண்டி கேட்டுப் போகப்போறதில்ல. உங்க பொருள அவங்க கையில குடுத்தீங்க, உடஞ்சு வந்திருக்கு. அதுக்குப் பதில் சொல்லட்டும்” என்றேன்.

பொருளை ஒரு வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைப்பது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி பெய்ல்மென்ட். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 151. பொருள் அவர் வசம் இருக்கும்போது கெட்டால், கவனமாகத்தான் வைத்திருந்தேன் என்று காட்ட வேண்டியவர் அவரே. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நுகர்வோருக்கு இழப்பு உண்டாக்கும் கவனக்குறைவைச் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. இந்த இரண்டையும் வைத்து, கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து மாவட்ட ஆணையத்தில் புகார் போட்டோம். வழக்கெல்லாம் கம்பெனி இருக்கும் ஊரில்தான் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று புதிய சட்டம் சொல்லிவிட்டதால் அது எங்களைத் தடுக்கவில்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

பதிலுரை கடைசி நேரத்தில்தான் வந்தது. 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த பிறகு, கம்பெனி வக்கீல்கள் நாற்பத்தைந்தை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

இலவசமாகச் செய்த வேலை சட்டப்படி ‘சேவை’யே ஆகாது என்று ஒரு வாதம் வைத்தார்கள். இலவசச் சேவைக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பது நிஜம். ஆனால் வாரண்டிக்கான காசு அந்த 41,000க்குள்ளேயே இருக்கிறது, தர்மத்துக்கு யாரும் பழுது பார்க்கவில்லை. அது நிற்கவில்லை. ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே இருந்த கையெழுத்தைக் காட்டினார்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் வாங்கிய கையெழுத்து அது. டிவியைப் போட்டுக் காட்டியதாக அவர்களே சொல்லவில்லை.

என்னைச் சற்று யோசிக்கவைத்தது மூன்றாவது வாதம்தான். பேக்லைட் எரியாத டிவியில் விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே விரிசல் முன்பே இருந்திருக்கலாம் என்றார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம். எல்இடி டிவியின் பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் உள்ள எல்இடி பட்டைகள்தான் ஒளி தருகின்றன. அந்தப் பட்டைகளை மாற்ற வேண்டுமானால் பேனலையே கழற்றித் தூக்க வேண்டும். மெல்லிய கண்ணாடி, விளிம்பில் கொஞ்சம் அழுத்தினாலும் போய்விடும். அப்படித்தான் உடைந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், எப்படி நிரூபிப்பது?

வழி காட்டியவர் அண்ணாச்சிதான், அதுவும் பேச்சுவாக்கில். மெக்கானிக் வீட்டில் என்ன செய்தார் என்று கேட்டேன். “செல்போன் டார்ச்ச ஸ்கிரீன் பக்கத்துல வச்சு அடிச்சான். பாருங்க சார், படம் இருக்கு, வெளிச்சந்தான் இல்லன்னான்” என்றார். மின்வாரியக்காரர் என்பதால் அதைக் கவனித்திருக்கிறார்.

நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் நிரூபண வாக்குமூலத்தோடு சரி, சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். எழுத்தில் கேள்வி அனுப்ப அனுமதி வாங்கினேன். விரிசல் இருந்ததா என்று கேட்டால் ‘கவனிக்கவில்லை’ என்று எழுதித் தப்பித்திருப்பார்கள். அதனால் அதைத் தொடவே இல்லை. பேனல் கோளாறோ போர்டு கோளாறோ இல்லை, பேக்லைட் கோளாறுதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு. டார்ச் வெளிச்சத்தில் திரை முழுவதும் படம் சீராகத் தெரிந்ததால் பேனல் நன்றாக இருப்பது உறுதியானது என்று சத்தியப் பிரமாணத்தில் பதில் வந்தது.

விசாரணையில் ஆணையத் தலைவர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். “அப்ப விரிசல் எங்க வந்துச்சு?” என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார். அவர் கட்டைப் புரட்டினார்.

அதே அளவில் புது டிவி, இல்லாவிட்டால் முழு விலை, மன உளைச்சலுக்கு 15,000, செலவுத் தொகை 5,000 என்று உத்தரவு. நாங்கள் கேட்ட 2 லட்சத்தை ஆணையம் தரவில்லை, தரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மேல்முறையீட்டுக்குப் போனால் உத்தரவுத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். கம்பெனி கணக்குப் பார்த்திருக்க வேண்டும், செக் வந்துவிட்டது.

உடைந்த டிவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. எடுத்துப்போக வந்தவர்களை அண்ணாச்சி திண்ணையிலேயே உட்காரவைத்து, டிவியைப் போட்டுக் காட்டி, வலது மூலையில் விரிசல் உள்ள நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் தூக்க விட்டாராம்.