வலி நின்ற பிறகு

திங்கள்

நோயாளிக்கு வயது 68. முதல் மாரடைப்பு. சனிக்கிழமை காலை தொடங்கிய நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று நினைத்து, ஓமத்தண்ணீரும் சோடாவுமாக ஓட்டியிருக்கிறார். எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது வலி அடங்கியிருந்தது. "நோவு விட்டுப்போச்சு கண்ணு, ஊட்டுக்கு அனுப்பிரு" என்கிறார். மகன் முகத்திலும் நிம்மதி. எனக்கோ அடிவயிறு கலங்கியது. வலிக்க வேண்டிய தசையே செத்துப்போனால் வலி நின்றுதான் போகும். ஈ.சி.ஜி.யில் இதயத்தின் முன்சுவர் முழுக்க, தசை செத்ததைக் காட்டும் ஆழமான க்யூ அலைகள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான 12 மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

செவ்வாய்

மகனை உட்காரவைத்து விளக்கினேன். செத்த தசையை வெள்ளையணுக்கள் அரித்து அகற்றும். அங்கே கெட்டியான தழும்பு உருவாக வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாட்களில் இதயச் சுவர் மழையில் ஊறிய மண்சுவர்தான். பிரஷர் ஏறக்கூடாது, மலம் கழிக்க முக்கக்கூடாது, கடையில் வாங்கும் வலிமாத்திரை கூடவே கூடாது. வெளிச்சுவர் கிழிந்தால் ரத்தம் இதய உறைக்குள் நிறைந்து இதயத்தையே நெரித்துவிடும். மானிட்டரில் கோடு ஓடும், நாடி இருக்காது. அதை மகனிடம் சொல்ல மனம் வரவில்லை என்றாலும் சொன்னேன்.

ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1649இல் உடற்கூறு அறிஞர் ரியோலானுக்கு எழுதிய மடலில் இதே சாவு உண்டு: நெஞ்சுவலியால் அவதிப்பட்ட ஒரு பிரபு, இறந்தபின் திறந்து பார்த்தால் இடது கீழறையில் விரல் நுழையும் கிழிசல்.

புதன்

விடியலில் மூச்சிரைப்பு, கை கால் சில்லிட்டிருந்தது. நேற்றுவரை சுத்தமாகக் கேட்ட இதயத்தில் கரகரவென்று புது ஒலி. மார்பில் உள்ளங்கை வைத்தாலே அதிர்ந்தது. எக்கோ பார்த்தோம்: வெளிச்சுவர் தப்பியிருக்கிறது, கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. ஒவ்வொரு துடிப்பிலும் உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது.

1950களிலேயே அமெரிக்க அறுவை நிபுணர் டென்டன் கூலி இப்படியொரு ஓட்டையைத் தைத்து மூடிக் காட்டினார். ஆனால் இன்றும் அறுவை நிபுணர்களைத் திணறவைப்பது ஒரே கேள்வி: எப்போது? இப்போதே தைத்தால் நைந்த தசையில் தையல் நிற்காது, அறுத்துக்கொண்டு வரும். தசை இறுகக் காத்திருந்தால் அதுவரை உயிர் தாங்க வேண்டும். இதயத்துக்குத் துணைநிற்கும் பலூன் பம்ப் வைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடிவானது. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சனிக்கிழமையே கூட்டிட்டு வந்திருந்தா?" என்றார் மகன். முதல் சில மணி நேரத்தில் அடைப்பைத் திறந்துவிட்டால் நூற்றில் ஒருவருக்குக்கூட இப்படிக் கிழிவதில்லை. பொய் சொல்ல முடியவில்லை. உண்மையை மட்டும் சொல்லிவிட்டு நகரவும் முடியவில்லை. வயதான பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வாயுத்தொல்லை போலவே வரும், பலரும் ஏமாறுகிறார்கள் என்றேன். இப்போது கையெழுத்தும் ரத்தம் கொடுக்க ஆட்களும்தான் வேண்டும் என்றேன். ஆம்புலன்ஸ் கிளம்புமுன் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய இளைஞர்கள் வந்து இறங்கினார்கள்.