தேவாங்கின் அண்டை வீட்டார்

மெலிந்து, விழி பிதுங்க நிற்பவனைத் 'தேவாங்கு' என்று பரிகசிப்பது நம் வழக்கம். பரிகசிக்கும் நம்மில் அவ்வுயிரை நேரில் கண்டவர் சிலரே. பகலெல்லாம் புதரில் சுருண்டு உறங்கி, இருளில் கிளைவிட்டுக் கிளை ஓசையின்றி ஊர்ந்து பூச்சிகளைத் தின்னும், கால் கிலோ எடையுள்ள சிற்றுயிர் அது. உழவனிடம் கூலி கேளாத காவலாள். ஆயினும் மாந்திரீகம், மருந்து என்னும் மூடநம்பிக்கைகளால் வேட்டையாடப்பட்டது, சாலைகளில் நசுங்கியது.

2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் பரவிய 11,806 ஹெக்டேர் காடு, கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுவே. நம் வறண்ட சமவெளிக்குக் கிட்டிய பெருமை கண்டு மகிழ்ந்தோம். கூடவே அச்சமும் எழுந்தது. சரணாலயத்தின் பின்னே சுற்றுலா வரும். சுற்றுலா என்றதும், 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கேட்குமளவுக்கு வாகனங்கள் பெருகிவிட்ட கொடைக்கானல்தான் நம் நினைவுக்கு வருகிறது.

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில் ஒரு பெரியவரிடம் இது குறித்துப் பேசினோம். "ராத்திரியில கார்ல வந்து லைட்டு அடிச்சா அது எங்குட்டுப் போகும் தம்பி? எங்களைக் கேட்டா, எங்க நிக்கணும், எங்க நிக்கக்கூடாதுன்னு சொல்லுவோம். யாரு கேக்குறா?" என்றார்.

கேட்ட இடங்களும் உண்டு. தேக்கடியில், முன்பு காட்டு மரங்களின் பட்டையை உரித்துத் திருடி வழக்குகளில் சிக்கியிருந்தோர், 1990களின் பிற்பகுதியில் குழுவாகத் திரட்டப்பட்டுப் பயணியருக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலராகவும் மாறினர். காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்திருந்த அவர்களைவிடத் தகுந்த காவலர் எவர்? கோவை மாவட்டம் பரளிக்காட்டில் வனத்துறையுடன் சேர்ந்து பழங்குடி மக்களே பரிசல் ஓட்டுகின்றனர், சமைத்துப் பரிமாறுகின்றனர். வருவாய் ஊரிலேயே தங்குகிறது.

ஆனால் அவற்றை அப்படியே இங்கு நடுதல் ஆகாது. யானையும் ஏரியும் பகலில் காணத்தக்கவை. தேவாங்கோ இருளில் வாழ்வது. அதன் விழியில் ஒளி பாய்ச்சுவதே வதை. ஆதலால் இங்குப் பயணியருக்குக் காட்ட வேண்டியது தேவாங்கை அன்று. அது வாழும் முட்காட்டையும் உயிர்வேலியையும், அவற்றை வெட்டாது வைத்திருக்கும் மக்களையுமே. பகல் நடைக்கு ஊர் இளைஞர் வழிகாட்டட்டும். கம்பங்கூழ் ஊர்ப் பெண்கள் கையால் கிடைக்கட்டும். வேலியை வெட்டாமல் விடுவதாலும் வருவாய் உண்டு என்று கண்டால், அடுத்த தலைமுறையும் அதை வெட்டாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்று வேண்டாம், திரும்பிச் செல்லுங்கள்" என்று பயணியரிடம் சொல்லும் உரிமை அவ்வூராருக்கு வேண்டும். அவ்வுரிமை தராத சுற்றுலாவுக்குப் பசுமை என்று பெயரிடுவதில் பொருளில்லை.