மாடஸ்டிக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச கதை

ரொம்ப நாளா எனக்கு ஒரு மனக்குறை. வேதாளருக்குக் கல்யாணம் ஆச்சு, மந்திரவாதி மாண்ட்ரேக்குக்கும் ஆச்சு. மாடஸ்டிக்கு மட்டும் ஆகவே இல்லை..

வேதாளர் தொடர் 1936-ல ஆரம்பிச்சது. முதல் கதையிலேயே டயானா வந்தாச்சு. ஆனா கல்யாணம் 1977-ல தான். 41 வருஷம் காத்திருந்தாரு மனுஷன்! மாண்ட்ரேக் இன்னும் மோசம். 1934-லேர்ந்து பழகின நார்தாவை 1997-ல தான் கட்டினாரு. ரெண்டு தொடரையும் எழுதின லீ ஃபாக் ஒரு வழியா மனசு இறங்கிட்டாரு.

மாடஸ்டியை எழுதின பீட்டர் ஓடானல் கடைசி வரைக்கும் இறங்கலை. 1963-ல ஆரம்பிச்ச தொடரை 2001 ஏப்ரல் 11-ந்தேதி, தன்னோட 81-வது பிறந்த நாள்ல முடிச்சாரு. அத்தனை வருஷமும் கார்வின் கூடவே இருந்தான். அவளுக்காக உயிரையும் கொடுப்பான். 'இளவரசி'ன்னு தான் கூப்பிடுவான். ஆனா காதல் கிடையாது.

நம்ம ஊர்ல 1984-ல லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சப்போ முதல் புத்தகமே 'கத்தி முனையில் மாடஸ்டி' தான். என் மாமா வாங்கின காலத்துலேர்ந்து பத்திரமா வெச்சிருக்காரு. அதுல ஆரம்பிச்சு, புதுச்சேரி ஞாயிறு சந்தையில கிடைச்ச பழைய புத்தகமெல்லாம் படிச்சு முடிச்சப்புறம் பொறுக்க முடியலை. சரி, நாமளே முடிச்சு வெச்சிடுவோம்னு நோட்டை எடுத்தேன்.

கதை நாலே பக்கம். கோட்டக்குப்பம் கடற்கரையில வைரக் கடத்தல் கும்பலைப் பிடிக்கிறாங்க. அப்புறம் படகு நிழல்ல உட்கார்ந்து கார்வின் மனசைத் திறக்கிறான். மாடஸ்டி சிரிக்கிறா. சுபம்.

நோட்டு வகுப்பு முழுக்க சுத்துச்சு. "பாகம் ரெண்டு எப்போ?"ன்னு கடைசி பெஞ்ச்லேர்ந்து ஒரு குரல். "சண்டையை ரெண்டு வரியில முடிச்சிட்டு லவ்வை ரெண்டு பக்கம் இழுத்திருக்கியேடா"ன்னு ஒருத்தன். "கத்தி வீசுறவன் எதுக்கு கவிதை சொல்றான்?"ன்னு இன்னொருத்தன். மாமா கிட்ட காட்டினேன். "இதுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா அப்புறம் நாங்க எதைப் படிக்கிறது?"ன்னு கேட்டாரு :-)

கடைசியா படிச்சது என் தோழி. முதல் வருஷத்துலேர்ந்து ஒரே பஸ், ஒரே லேப். அதனாலேயே எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சு வகுப்புல ஓட்டாத ஆள் கிடையாது. அவ திட்டுவா, நான் சிரிச்சு மழுப்பிடுவேன்.

நோட்டை மூடிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டா:

"எல்லாரும் நமக்குப் பண்றதைத் தானே நீயும் அவங்களுக்குப் பண்ணியிருக்க?"

பதில் சொல்லத் தெரியலை.

"மத்த கதையில எல்லாம் பொண்ணைக் காப்பாத்த ஒருத்தன் வருவான், கடைசியில கட்டிப்பான். இவ தாண்டா அவனை ஜெயில்லேர்ந்து மீட்டு ஆளாக்கினா. ரெண்டு பேரும் சமமா இருக்காங்க, எதையும் எதிர்பார்க்காம இருக்காங்க. அப்படி ஒரு ஜோடி இருக்குன்னு காட்ட அவரு 38 வருஷம் எழுதினாரு. நீ நாலு பக்கத்துல கெடுத்துட்ட."

உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் படகு நிழல் வசனத்தை நான் கார்வினுக்காக மட்டும் எழுதலை. அவளுக்கும் அது புரிஞ்சிருக்கும்னு தான் நினைக்கிறேன். அதனால தான் கார்வினைப் பத்தி மட்டும் பேசினா. ரெண்டு நாள் பஸ்ல தள்ளி உட்கார்ந்திருந்தேன். மூணாவது நாள் அவளே பக்கத்து சீட்ல பையை வெச்சு இடம் போட்டிருந்தா.

கதையோட கடைசிப் பக்கத்தை மாத்தி எழுதிட்டேன். இப்ப படகு நிழல்ல ரெண்டு பேரும் சுண்டல் சாப்பிடுறாங்க, அடுத்த வேலையைப் பத்திப் பேசுறாங்க. அவ்ளோ தான். கார்வின் வருத்தமா இருக்கானான்னு கேட்டா, இல்லை. கொஞ்சம் தான் :-)

டிஸ்கி: நோட்டு இப்ப அவகிட்ட இருக்கு. பாகம் ரெண்டு கேக்கிறவங்க தைரியம் இருந்தா அங்க போய் கேளுங்க!