சிக்கிம்: யூரியாவை விலக்கிய மலை

பரப்பு 7,096 சதுர கிலோமீட்டர். நம்மூரில் ஒரு பெரிய மாவட்டத்தின் அளவுதான். 1642 முதல் சோக்யால் மன்னர்கள் ஆண்ட சிக்கிம், 1975-ல் இந்தியாவின் 22-வது மாநிலமானது. மேற்கு எல்லையில் 8,586 மீட்டர் உயரத்தில் நிற்கும் கஞ்சன்ஜங்காவை மக்கள் காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

விவசாயிகள் அவசியம் பார்க்க வேண்டியது பெரிய ஏலக்காய்த் தோட்டம். போடி சந்தையில் பார்க்கும் பச்சை ஏலக்காய் அல்ல. புகைமூட்டத்தில் உலர்த்திய, பிரியாணிக்குப் போடும் கறுப்புக் காய். நிழலுக்கு ‘உத்திஸ்’ மரம் வளர்க்கிறார்கள். பயறுவகை இல்லையென்றாலும் இதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். உதிரும் இலை அப்படியே மூடாக்கு. நம் மலைத்தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய கூட்டணி இது.

2003-ல் இயற்கை விவசாயத்தை அறிவித்து, ரசாயன உர மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2016 ஜனவரியில், சுமார் 75,000 ஹெக்டேருடன் முழு இயற்கை மாநிலமானது. பெருமைதான். ஆனால், அரிசியில் பெரும்பகுதி இன்றும் சிலிகுரி பக்கமிருந்து லாரியில்தான் ஏறுகிறது. 2023 அக்டோபரில் பனி ஏரி உடைந்து தீஸ்தா பெருகியபோது, சுங்தாங் அணையோடு சாலையும் பல இடங்களில் போயிற்று. விருதைப் பார்த்து மாற நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

விளையாட்டென்றால் அங்கே கால்பந்து. இந்திய அணித் தலைவராக இருந்த பாய்ச்சுங் பூட்டியா, டிங்கிடாம் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை.

நியூ ஜல்பாய்குரி வரை ரயில், அப்புறம் ஜீப். நாதுலா கணவாய்க்கு முன் அனுமதி தேவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவுக் காலம். ஏலக்காய் அறுவடையைப் பார்க்க அக்டோபர், நவம்பரில் போகலாம்.