புல் கருகாத கணப்பு

போன ஜனவரியில் கோத்தகிரி வீட்டுப் புல்தரையிலேயே விறகை அடுக்கிக் குளிர் காய்ந்தோம். கருகிய வட்டம் மழை வரும்வரை துளிர்க்கவில்லை. அம்மா கையால் நட்ட புல். மனசு கேட்கவில்லை.

இந்த முறை பழைய இரும்புக் கடையில் வாஷிங் மெஷின் டிரம் வாங்கினேன். துருப்பிடிக்காத எஃகு, சுற்றிலும் துளைகள் இருப்பதால் காற்று தானாகப் புகுந்து விறகு நன்றாக எரிகிறது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை முதலிலேயே கழற்றிவிடுங்கள். புல்மேல் காய்ந்த செங்கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் நான்கைச் செங்குத்தாக நிறுத்தி டிரம்மை வைத்தேன். நடுவே காற்று ஓடுவதால் சூடு மண்ணுக்கு அவ்வளவாக இறங்காது. ஆற்றுக் கற்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரமிருந்தால் வெடித்துச் சிதறும்.

காலையில் சாம்பல் ஆறியதும் செங்கற்களை எடுத்தேன். புல் கொஞ்சம் படுத்திருந்தது, பச்சையாகவே.