வரிசையில் நிற்கும் வண்டியும் விரிப்பில் கிடக்கும் பாகமும்

பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சி என்பது பெரும்பாலும் இரண்டு கூட்டங்கள் ஓரிடத்தில் சேர்வதாகவே அமைகிறது. துடைத்து மெருகேற்றி நிறுத்திய வண்டிகளின் வரிசை ஒன்று. தார்ப்பாயை விரித்து, அதன்மேல் கார்புரேட்டர், கியர் பல்சக்கரம், டேங்க் மூடி, ஸ்பீடோமீட்டர் என்று பரப்பி வைத்து, விற்கவும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளவும் செய்கின்ற உதிரிபாகச் சந்தை மற்றொன்று. வேடிக்கை பார்க்க வந்தவர் வரிசையோடு நின்றுவிடுவார். பழைய வண்டிகளை மீட்டெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட பட்டறைக்காரரோ வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின் விரிப்பின் முன்னால் குந்திவிடுவார். இத்தொழிலின் அறிவில் பெரும்பகுதி அந்த விரிப்பின்மேல்தான் கிடக்கிறது.

இங்கிலாந்தில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான சங்கம் 1946இலேயே தோன்றிவிட்டது. பியூலி என்னும் ஊரில் 1967இல் தொடங்கிய உதிரிபாகச் சந்தை இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது. அமெரிக்காவின் ஹெர்ஷி நகரச் சந்தை அதற்கும் முற்பட்டது. அங்கெல்லாம் நாள் குறித்து, இடம் குறித்து நடக்கும் இந்த வாணிகம் தமிழ்நாட்டில் நாள் குறிக்காமல் ஆண்டு முழுவதும் நடந்துவந்திருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பாகங்களை அடுக்கி விற்கும் தெருக்களும், ஊர்தோறும் உள்ள காயலான் கடைகளும், மெக்கானிக்குகளின் பட்டறைப் பரணும் சேர்ந்தே இங்கு அந்தச் சந்தையாக இருந்துள்ளன. வரிசை கட்டும் கண்காட்சிகள் பின்னால் வந்தவை. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் அணிவகுப்புகளும், ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று பல நகரங்களில் கூடும் ஜாவா நாள் கூட்டமும் இவ்வகையைச் சேர்ந்தவை. பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு ஜாவா முத்திரையோ ஒரு ஜோடி முழங்கால் ரப்பரோ கைமாறுவது, இத்தகைய கூட்டங்களில் வண்டிகளை நிறுத்திய இடத்திற்குப் பின்புறத்தில்தான்.

மதுரைக்கு வடகிழக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த மேலூரைப் போன்ற ஊரிலிருந்து இந்த உலகத்தைப் பார்க்கும்போது அதன் திசை மாறித் தெரிகிறது. பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் இவ்வட்டாரத்தில் யார் புல்லட் வைத்திருந்தார் என்பது ஊரறிந்த செய்தி. யார் வீட்டில் ஜாவா நின்றது, யார் வீட்டுக்கு ராஜ்தூத் வந்தது என்பதும் நினைவில் இருக்கும். அவ்வண்டிகளில் பல விற்கப்படவும் இல்லை, ஓட்டப்படவும் இல்லை. தொழுவத்தின் ஓரத்திலும் பம்புசெட் அறையிலும் நெல் மூட்டைகளுக்குப் பின்னாலும் அவை சாய்ந்து கிடக்கின்றன. நகரத்துக் கண்காட்சியில் காணும் பாகம் பல கை மாறி வந்தது, அதன் கதை அறுந்துபோனது. கிராமத்து வீட்டில் கிடப்பது பெரும்பாலும் ஒரே கையில் இருந்தது. டேங்கிலும் சக்கரத்திலும் தொழிற்சாலைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருக்கும். எனவே சந்தைக்குப் போகும் மேலூர்ப் பட்டறைக்காரர் வாங்குபவராக மட்டும் போவதில்லை. சந்தையில் கிடைக்காத ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்.

இங்கே பாகங்கள் இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்திற்காக 800 புல்லட் வண்டிகளுக்கு ஆணை தரப்பட்டது. அதைத் தொடர்ந்து 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் பிரித்து அனுப்பப்பட்ட பாகங்களைப் பூட்டினார்கள். 1957இல் அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டு, இங்கிலாந்தில் உற்பத்தி 1970இல் முற்றிலும் நின்றுவிட்டபோதும், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அதே 346 சி.சி. எஞ்சின், வார்ப்பிரும்பு சிலிண்டரோடு, ஏறத்தாழ 2010 வரை சென்னையில் வந்துகொண்டிருந்தது. தாய் நிறுவனம் மறைந்த பின்னர் அதன் வண்டிக்கு வேண்டிய பாகத்தைச் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்காரர் வரவழைத்தார் என்பது, மோட்டார் வரலாற்றில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத திருப்பம். 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் பின்னர் லூகாஸுடன் கூட்டுச் சேர்ந்து சென்னைப் பாடியில் வாகன மின்சாதனங்களைச் செய்தது, லூகாஸ் டி.வி.எஸ். முத்திரை குத்திய ஒரு டைனமோவை விரிப்பில் காணும் மதுரைக்காரருக்கு அது ஊர்ச் சரக்காகவே படுவதில் வியப்பில்லை.

ஒரே வடிவம் அரை நூற்றாண்டு ஓடியதால் ஒரு சிக்கலும் பிறந்தது. 1960களின் பாகமும் 1990களின் பாகமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தவும் செய்யும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லூதியானாவிலும் டில்லியின் கரோல் பாக் கடைகளிலும் கிடைக்கும் நகல் பாகங்கள் இக்குழப்பத்தைப் பெருக்கிவிட்டன. ஆகவே விரிப்பின் முன் உட்காரும் ஒருவருக்கு முதலில் வேண்டியது கண்ணைவிடக் கையின் பழக்கம். மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்து வயதைச் சொல்வதுபோல, தேர்ந்த மெக்கானிக் பாகத்தை எடுத்து எடை பார்த்து, விளிம்பில் விரலை ஓட்டி, அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். தொழிற்சாலை வார்ப்பில் விளிம்புகள் தெளிவாக இருக்கும். வார்ப்பு எண்ணின் எழுத்துகள் ஒரே உயரத்தில் எழுந்து நிற்கும். நகலில் அவ்வெழுத்துகள் மழுங்கி, மணல் அச்சின் சொரசொரப்பு உள்பக்கம் அப்படியே தங்கியிருக்கும்.

சிலிண்டரைத் தேர்வதில் விரல் நகமே முதல் கருவி. பிஸ்டன் வளையம் ஏறி நிற்கும் உச்சிக்குச் சற்று மேலே, உள்சுவரில் நகத்தை இழுத்தால் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தேய்மானம். தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவதே ரீபோர். அது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, நாற்பது, அறுபது என்று படிப்படியாகச் செல்வது. பட்டறைகளில் அதை வெறுமனே இருபது, நாற்பது, அறுபது என்றே சொல்கிறார்கள். அறுபதையும் தாண்டிய சிலிண்டருக்கு உள்ளே புதிய குழல் இறக்க வேண்டும். ஸ்லீவ் போடுதல் என்பது இதுவே. விற்பவர் பெரும்பாலும் இதைத் தாமாகச் சொல்வதில்லை. வாங்குபவர் கேட்டால், “அண்ணே, ஸ்டாண்டர்டுதான்” என்ற விடை வரும். அப்போது வெர்னியர் காலிப்பரை வெளியே எடுப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

எஞ்சின் அடிக்கூட்டின், அதாவது கிராங்க் கேஸின், இரு பாதிகளும் சேர்த்துப் பூட்டப்பட்ட நிலையில் கடையப்பட்டவை. ஒரு பாதி மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வேறோர் எஞ்சினின் மறுபாதியோடு சேர்த்தால் பேரிங்குகளின் மையம் ஒரே கோட்டில் நில்லாது. எஞ்சின் ஓடும், ஆனால் நெடுநாள் ஓடாது. கனெக்டிங் ராடின் கீழ்முனையைக் கிராங்கோடு இணைக்கும் பகுதி பழைய புல்லட்டில் மிதக்கும் புஷ் என்னும் வளையத்தால் ஆனது. பின்னாளில் பலர் அதை ரோலர் பேரிங்காக மாற்றிக்கொண்டனர். ராடை நேர் மேலே நிறுத்தி, மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளிப் பார்த்தால் ஆட்டம் கைக்குத் தெரிந்துவிடும். பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. அதைக் கண்டு பயந்து நல்ல கிராங்கை ஒதுக்கிவிடும் புதியவர்கள் நிறையப் பேர்.

மரை பற்றிய அறிவு தனியே ஒரு படிப்பு. ஆங்கிலேயர் வழிவந்த புல்லட்டின் பல திருகுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. அவற்றுள்ளும் அங்குலத்திற்கு 26 சுற்றுக் கொண்ட சைக்கிள் மரை 60 பாகை கோணமுடையது, விட்வொர்த் குடும்பத்து மரை 55 பாகை. செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பைக் கொண்ட ஜாவாவில் எல்லாம் மில்லிமீட்டர். விட்டம் ஏறத்தாழ ஒத்திருப்பதால் ஒன்றின் போல்ட் மற்றதன் துளையில் இரண்டு சுற்று ஏறிவிடும். மூன்றாவது சுற்றில் வலுக்கொடுத்தால் அலுமினியத் துளையின் மரை கழன்று கையோடு வரும். மரை அளவு பார்க்கும் சிறிய தகடுகளின் கொத்து ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பட்டறைக்காரர் இத்தகைய இழப்பிலிருந்து தப்புகிறார்.

மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் செய்த ஜாவாவும், 1970களில் அதன் வாரிசாக வந்த யெஸ்டியும், 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டதோடு உதிரிபாகம் அருகிப்போன வண்டிகள். கியர் போடும் கோலையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் உதைகோலாக மாறும் அமைப்பும், ஒற்றைச் சிலிண்டரிலிருந்து இரு புகைக்குழாய்கள் பிரியும் அமைப்பும் இவற்றின் அடையாளங்கள். புகைக்குழாயைச் சிலிண்டரோடு இறுக்கும் பெரிய நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்பதே இங்குப் பார்க்கவேண்டிய முதல் விஷயம். கொக்கி ஸ்பேனர் இல்லாமல் சுத்தியலும் உளியும் கொண்டு அடித்துத் திருப்பிய வடு இருந்தால், அந்தச் சிலிண்டர் பல மெக்கானிக்குகளின் அவசரத்தைத் தாங்கியது என்று பொருள். டேங்கை வாங்குபவர் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அதன்மேல் ஓட்டிப் பார்க்கவேண்டும். காந்தம் பிடி விடும் இடத்தில் தகட்டிற்குப் பதிலாகப் பட்டி அடைத்திருக்கிறது.

இனி வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குத் திரும்பினால், அங்கே பரிசு பெறும் வண்டிகளில் பலவற்றைப் பற்றித் தொழிலறிந்தவர்கள் மெல்லிய குரலில் குறைகூறுவதைக் கேட்கலாம். அது பொறாமையால் வருவதன்று. தொழிற்சாலையில் கறுப்பு எனாமல் பூசப்பட்ட பாகங்களுக்கும் குரோம் பூசுதல், கையால் இழுத்த பொன்கோட்டை அழித்து ஸ்டிக்கர் ஒட்டுதல், ஓரளவு தேய்ந்த மூலப் பாகத்தை எறிந்து பளபளக்கும் நகலைப் பூட்டுதல் ஆகியன, வண்டியைப் புதியதாக்கும் பேரில் அதன் சான்றுகளை அழிக்கின்றன. சென்னையில் புல்லட் டேங்கின்மீது கோடு இழுப்பவர்கள் ஒற்றைத் தூரிகையால் ஒரே மூச்சில் இழுக்கும் வழக்கம் உடையவர்கள். அக்கோட்டின் தடிப்பு வளைவில் சிறிதே மாறும். அந்த மாறுதலே அது கைவேலை என்பதற்குச் சான்று. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், முடிந்தவரை உள்ளதைப் பேணுவதே முதல் கடமை, மாற்றுவது கடைசி வழி என்றே வரையறுக்கிறது. நாற்பதாண்டுத் தூசியோடு தொழுவத்திலிருந்து வெளிவந்த ஒரு வண்டி, ஓடும் நிலைக்கு மட்டும் செப்பனிடப்பட்டு வரிசையில் நின்றால், அதற்கே முதற்பரிசு தரவேண்டும். நம் கண்காட்சிகளில் இது இன்னும் அரிதாகவே நடக்கிறது.

பாகத்தைத் தேர்வதில் கடைசியாகச் சட்டம் வருகிறது. 2021 ஜூலையில் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்தை விண்டேஜ் வாகனம் என்று வகுத்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்; பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டிற்கு அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு முதலியவற்றுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம். ஃபீவா முப்பது ஆண்டையே எல்லையாகக் கொள்வதால், அதன் கணக்கில் பழையதாகிவிட்ட, 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் சட்டத்தின் கணக்கில் இன்னும் பழையதாகவில்லை. 1970களின் தொடக்கத்தில் பதிவான புல்லட் ஆகிவிட்டது. இதனால் எண் பொறித்த பாகங்களின் மதிப்பு கூடியிருக்கிறது. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கும் வண்டி ஒரு விலைக்கும், ஒவ்வாத வண்டி அதில் பாதிக்கும் குறைந்த விலைக்கும் போவது இயல்பாகிவிட்டது. எண் இருந்த இடத்தில் அரத்தின் தடமோ புதிய வெல்டிங்கோ தெரிந்தால், எவ்வளவு மலிவாயினும் விரிப்பிலிருந்து எழுந்துவிடுவதே முறை. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வைத்திருப்பது குற்றம், தெரியாது என்று மெய்ப்பிப்பதும் எளிதன்று.

காயலான் கடைக்கு எடைக்குப் போகும் வண்டிகளில் பல, ஆவணம் தொலைந்ததாலேயே அங்குப் போகின்றன. இரும்பின் விலை கிலோவுக்குச் சில பத்து ரூபாய்; அதே வண்டி ஆர்.சி. புத்தகத்தோடு இருந்தால் அது மீட்டெடுக்கத் தக்க வாகனம். எனவே மேலூர்ப் பக்கத்துத் தொழுவங்களில் பழைய வண்டி வைத்திருப்போர், அதை எடைக்குப் போடுமுன் வீட்டு மரப்பெட்டியில் அந்தப் பதிவுப் புத்தகத்தை ஒருமுறை தேடிப் பார்த்துவிட வேண்டும். கிடைத்தால், எஞ்சின் எண்ணைச் சரிபார்த்து வைத்துவிட்டு அதன்பின் விலை பேசலாம்.